வந்த காற்றும் போகும் வழியும்

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அடுத்த கிண்ணியாப் பகுதியிலே உள்ள கரையோர ஊர் குறிஞ்சாக்கேணி. இத்தகைய ஊர்களில் மீனைப் பிளந்து, உப்பிட்டு, காயவைத்துக் கருவாடாக்குவது பழகிய தொழில். ஆனி, ஆடி மாதங்களிலே மலைநாட்டில் மழையை உதிர்த்துவிட்டு வரும் கச்சான் காற்று, உலர்ந்தும் வெம்மையுற்றும் கிழக்குக் கரையிலே வீசுகின்றது. அக்காற்று வீசும் நாளில் மீன் விரைந்து காய்கின்றது. வெயில் அப்படியே இருந்தும் காற்று ஓய்ந்துவிட்டால், ஈரம் தங்குகின்றது, ஈ மொய்க்கின்றது, சரக்குப் பழுதாகின்றது. இதன் காரணம் யாது?

எப்பொருளின் மேற்பரப்பையும் ஒட்டி, மெதுவாக நகரும் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று போர்வைபோலக் கிடக்கின்றது. வெப்பம் உள்ளே புகுவதையும், ஈரம் வெளியேறுவதையும் தடுப்பது அதுவே. இந்த எல்லைப் படலத்தின் இயல்பை 1904ஆம் ஆண்டிலே விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் லூத்விக் பிராண்டில். வீசும் காற்று இப்போர்வையை மெலியச் செய்கின்றது.

காற்று பரப்பின்மீது தவழ்ந்து செல்வது ஒரு வகை. நேராக வந்து மோதுவது மற்றொரு வகை. சூடான கஞ்சியைக் குழந்தைக்கு ஆற்றும் தாய், வாயை அகலத் திறந்து ஊதுவதில்லை. உதட்டைக் குவித்தே ஊதுகின்றாள். குவிந்த காற்று தாரையாகச் சென்று மோதும் இடத்திலே படலம் மிக மெலிந்து, வெப்பம் விரைந்து நீங்குகின்றது. ஆனால் ஒரு தாரையின் ஆற்றல் அது மோதும் இடத்தைச் சுற்றியே நிற்கும். அகன்ற பரப்பை ஆற்றவோ உலர்த்தவோ வேண்டுமாயின், வரிசை வரிசையாகப் பல துளைகள் வேண்டும்.

பஸ் வண்டியின் பக்கக் கண்ணாடி இவ்வாறே உரம் பெறுகின்றது. 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிய கண்ணாடித் தகட்டின் இருபுறமும், எண்ணற்ற துளைகள் வழியே குளிர்ந்த காற்றைப் பாய்ச்சுகின்றனர். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்புறம் பின்னர் சுருங்கி அதனை அழுத்திப் பிடிக்கின்றது. ஆகையால் அக்கண்ணாடி உடைந்தாலும் கூரிய வாள்போலப் பிளவாது. சிறு துண்டுகளாகச் சிதறும். தாரைகள் சீராக மோதாவிட்டால், கண்ணாடி தொழிற்சாலையிலேயே உடைந்துபோகவும் கூடும்.

துளைகளை எவ்வாறு அமைப்பது? கார்ல்ஸ்ரூ நகர அறிஞர் ஹோல்கர் மார்ட்டின் 1977இல் வெளியிட்ட ஆய்வுரை இதற்கு வழிகாட்டுகின்றது. வட்டத் துளையின் விட்டத்தைப்போல் ஏறக்குறைய ஐந்தரை மடங்குத் தூரத்திலே பொருள் இருத்தல் நன்று. அத்தூரத்தின் சுமார் 1.4 மடங்கு துளைகளுக்கிடையே இடைவெளி இருக்கலாம். துளை 1 சென்ரிமீற்றர் எனின், தூரம் ஐந்தரைச் சென்ரிமீற்றர். இடைவெளி சுமார் 7.7 சென்ரிமீற்றர்.

காற்றின் வேகத்தைக் கூட்டினால் போதாதோ எனலாம். வேகம் இரட்டித்தால் வெப்பப் பரிமாற்றம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகவே உயரும். காற்றுத் தள்ளும் பொறிக்குச் செல்லும் சக்தியோ எட்டு மடங்காகும்.

பலர் மறந்துவிடுவது இன்னொன்றுண்டு. மோதிய காற்று எங்கே செல்லும்? அது ஒரு பக்கமாகவே வெளியேற வேண்டியிருந்தால், முன்வரிசையின் பழைய காற்று ஆறுபோலத் திரண்டு, பின்வரிசைத் தாரைகளை வளைத்து அவற்றின் வலுவைக் குறைத்துவிடும். ஆதலால் துளைகளுக்கு இடையிடையே, போகும் காற்றுக்கும் வழி விடுதல் வேண்டும்.

கார்த்திகை, மார்கழி மழையிலே வெயிலை நம்ப முடியாத கரையூர் மக்களுக்கு இவ்வுண்மை பயன் தரும். மீன் உலர்த்தும் பெட்டி ஒன்றைச் செய்வோர், காற்றுப் புகும் துளைகளை மட்டும் எண்ணினால் கடைசித் தட்டிலுள்ள மீன் ஈரமாகவே இருக்கும். ஈரக்காற்று வெளியேறும் வாயில்களும் பரவலாக அமைதல் வேண்டும். மேலீரம் நீங்கியபின் தாரையின் வேகத்தைத் தணிக்கலாம். அப்பொழுது தடையாக நிற்பது வெளிப்படலமன்று, உள்ளிருந்து மெல்ல ஊர்ந்துவரும் நீரே. அந்நிலையில் வெப்பத்தை மிகுத்தால் மேற்றோல் இறுகி, உள்ளீரம் சிறைப்பட்டுவிடும். வெளியே காய்ந்ததாகத் தோன்றும் கருவாடு உள்ளே கெட்டுப்போகும்.

கச்சான் காற்றிலே பந்தலிட்டு மீனைப் பரப்புவோர், கீழும் மேலும் காற்று ஊடுருவிச் செல்ல இடம் விடுகின்றனர். பெட்டிக்குள்ளேயும் அந்த இடத்தை விட்டால், மழைக்காலத்துச் சரக்கும் பழுதின்றிச் சந்தைக்குச் சேரும்.