துரைஃப்: சூளை காணாத அரண்மனைகள்

உங்கள் உறவிலோ தெருவிலோ ஒருவராவது ரியாத்தில் வேலை பார்ப்பார். அடுத்த முறை பேசும்போது, "திரிய்யா போயிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

ரியாத்தின் வடமேற்கு ஓரத்தில், ஹனீஃபா பள்ளத்தாக்கின் கரையில் இருக்கிறது அந்தப் பழைய ஊர். 15ஆம் நூற்றாண்டில் உருவானது. அதன் மேட்டுப் பகுதிக்குப் பெயர் துரைஃப். சவூத் குடும்பத்தின் முதல் அரசு 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்துதான் ஆண்டது. அரண்மனைகள், பள்ளிவாசல், கருவூலம், விருந்தினர் இல்லம் எல்லாம் அங்கே உண்டு. சல்வா அரண்மனை மட்டும் சுமார் 10,000 சதுர மீட்டர். அத்தனையும் மண்!

களிமண்ணில் வைக்கோலைப் போட்டு, தண்ணீர் விட்டு, குழைத்து, அச்சில் வார்த்து வெயிலில் காயவைத்த பச்சைக்கல். ஈரம் ஏறாமலிருக்க அடியில் சுண்ணாம்புக்கல் வரிசை. கூரைக்கு 'அத்ல்' என்ற பாலைவன மரத்தின் கட்டைகள், அவற்றின்மேல் பேரீச்ச ஓலை, அதற்கும் மேல் மண். பகல் வெயிலைத் தடித்த சுவர் வாங்கி வைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பவரிடம் சூடு வந்து சேர வெகுநேரமாகும்.

எனக்கு மிகவும் பிடித்தவை சுவரில் உள்ள சின்னச் சின்ன முக்கோணத் துளைகள். பெரிய சன்னல் வைத்தால் அனலும் புழுதியும் அள்ளிக்கொண்டு வரும். இந்தத் துளையில் காற்று வரும், வெளிச்சம் வரும். உள்ளிருந்து தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. அழகுக்கு அழகு, மறைவுக்கு மறைவு.

எகிப்திலிருந்து ஒட்டோமான் பேரரசுக்காகப் படையெடுத்து வந்த இப்ராஹிம் பாஷா 1818இல் திரிய்யாவை அடைந்தார். சுமார் 6 மாத முற்றுகைக்குப் பிறகு ஊர் பணிந்தது. மன்னர் அப்துல்லா பின் சவூத் இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். ஊரை இடித்தார்கள். பேரீச்ச மரங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. மறு ஆண்டு, பிரிட்டிஷ் இந்திய அரசு இப்ராஹிம் பாஷாவைச் சந்திக்க அனுப்பிய சாட்லியர் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி அந்த வழியே போனபோது கண்டது வெறும் இடிபாடு. 1824இல் சவூத் குடும்பத்தின் ஆட்சி திரும்பியது. ஆனால் தலைநகர் ரியாத்துக்குப் போய்விட்டது.

அந்தப் படையெடுப்பைவிட எனக்கு வருத்தம் தருவது அதற்குப் பிறகு நடந்ததுதான். மண்சுவருக்கு ஆள் வேண்டும். மழை பெய்து பூச்சு கரைந்தால், மறுபடி மண் குழைத்துப் பூசும் கை வேண்டும். குடியிருப்பவர் போனால் அந்தக் கையும் போய்விடும். பாலையில் மழை குறைவுதான். ஆனால் வந்தால் கொட்டித் தீர்க்கும். கூரை போன சுவர் மேலிருந்து கரையத் தொடங்கும்.

2010இல் யுனெஸ்கோ துரைஃபை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பல ஆண்டுச் சீரமைப்புக்குப் பின் 2022 டிசம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

ரியாத்தில் இருக்கும் உங்கள் அண்ணனோ தம்பியோ அங்கே போனால், தூரத்தில் நின்று படம் எடுத்து அனுப்புவதோடு விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பூச்சு உதிர்ந்த ஒரு பழைய சுவரின் பக்கத்தில் போய்க் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த மண்ணுக்கு நடுவே வைக்கோல் துண்டுகள் தெரியும்.