பிறர் நம்மைத் தாங்கும் காலம்



உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில் பேதுருவிடம் ஓர் உண்மையைச் சொன்னார். இளைஞனாக இருந்தபோது விரும்பிய இடத்துக்கெல்லாம் நடந்து போன பேதுருவை, முதிர்ந்த வயதில் வேறொருவர் கூட்டிச் செல்வார். அதுவும் அவர் விரும்பாத இடத்துக்கு (யோவான் 21:18). இது பேதுருவின் சாவைக் குறித்த சொல் என்று நற்செய்தியாளரே விளக்குகிறார். ஆனாலும் முதுமையை எட்டிய எவருக்கும் இந்தச் சொல் புரியும். கலிலேயாவில் வலை வீசிய அந்த மீனவர், கடல் கடந்து, உரோமையில் உயிர் நீத்தார்.

இன்று நம் பங்குகளில் பல குடும்பங்களை இந்தச் சொல் தொடுகிறது. ஆசிரியராக, அஞ்சல் ஊழியராக, செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெற்றோர்கள், பிள்ளைகளோடு வாழ அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், சமைக்கிறார்கள், மாலையில் வீட்டாரைக் கூட்டிச் செபமாலை சொல்கிறார்கள். நன்றாக இருக்கும்வரை எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஒருநாள் நெஞ்சை அடைக்கிறது. அப்போது என்ன நடக்கிறது?

"என்னம்மா, முகமே சரியில்லையே?" என்று மகன் கேட்கிறான். "ஒண்ணுமில்லப்பா, வாயுதான். சுக்குக் கசாயம் குடிச்சா சரியாயிடும்" என்கிறார் தாய். அவருக்குத் தெரியும், அது வாயு அல்ல. ஆனால் அந்த ஊரில் ஒரு நாள் மருத்துவமனைச் செலவே பல இலட்சம் ரூபாய் ஆகலாம் என்பதும் தெரியும். வீட்டுக் கடன் கட்டும் மகனுக்கு இந்தப் பாரமும் எதற்கு என்று வாயை மூடிக்கொள்கிறார்.

அன்பானவர்களே, இந்த மௌனத்தை நாம் தியாகம் என்று நினைக்கிறோம். அது அன்பிலிருந்து பிறப்பது உண்மைதான். ஆனால் அதன் விலையைக் கடைசியில் கொடுப்பவர்கள் பிள்ளைகள்தாம். மூளைக்குச் செல்லும் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அந்த உறைவைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். விடியட்டும் என்று பொறுத்திருந்தால், ஒரு ஊசியால் சரியாகியிருக்கக்கூடியது, வாழ்நாள் முழுவதும் கை கால் விளங்காமல் போவதில் முடியலாம். மாரடைப்பும் அப்படித்தான். பெண்களுக்கு அது நெஞ்சு வலியாக வராமல், தாடை வலியாக, முதுகு வலியாக, குமட்டலாக, மூச்சிரைப்பாகவும் வரலாம். மறைத்த வலி செலவைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. "அன்றே சொல்லியிருக்கலாமே அம்மா" என்ற வேதனையை ஒரு மகனின் நெஞ்சில் ஆயுள் முழுவதும் வைத்துவிட்டுப் போகிறது.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் சமாரியரையே பார்க்கிறோம். இன்று அடிபட்டுக் கிடந்தவரையும் பார்ப்போம். தன் ஊர் அல்லாத வழியில், தன் இனத்தார் அல்லாத ஒருவரின் கையில் அவர் தம்மை ஒப்படைத்தார். எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தபோது தடுக்கவில்லை. பிறருடைய விலங்கின்மேல் ஏற்றியபோது, பிறருடைய பணத்தில் சாவடியில் படுக்க வைத்தபோது, வேண்டாம் என்று மறுக்கவில்லை. பெறுவதற்கும் தாழ்ச்சி வேண்டும். காலைக் கழுவ வந்த ஆண்டவரையே முதலில் தடுத்தவர் பேதுரு. கொடுத்தே பழகிய கைகளுக்குப் பெறுவது கடினம். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெற்றோருக்கு அது இன்னும் கடினம்.

சமாரியர் வெறும் இரக்கத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் கவனிப்போம். இரண்டு தெனாரியத்தை எண்ணிக் கொடுத்தார். இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். பணத்தைப் பற்றித் தெளிவாகப் பேசுவது விசுவாசக் குறைவு அன்று. ஆகவே புறப்படும் முன்பே குடும்பமாக உட்கார்ந்து சில காரியங்களைப் பேசிவிடுவோம்.

முதலாவது, காப்பீடு. நம் ஊர் மருத்துவக் காப்பீட்டு அட்டை பொதுவாக அங்கே செல்லாது. பெற்றோர் நீண்ட காலம் தங்குவதற்குக் கனடா வழங்கும் சூப்பர் விசாவுக்கு, குறைந்தது 1,00,000 கனடிய டாலர் மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் போகிறவர்களை அப்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே பலர் வாங்காமலே போகிறார்கள். வாங்கும்போது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மறைக்க வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டு வாங்குங்கள். மறைத்தால், தேவைப்படும் நேரத்தில் பணம் தர மறுத்துவிடலாம்.

இரண்டாவது, அவசர சிகிச்சை. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருபவரிடம் பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, உயிராபத்தைத் தணிக்க வேண்டும். கட்டணச் சீட்டு பிறகு வரும் என்பதும் உண்மையே. ஆனால் அங்குள்ள இலாப நோக்கற்ற மருத்துவமனைகளில் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். போன உயிரைத் திரும்பப் பெற முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, பிரிட்டனில் 999. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். வீட்டு முகவரியையும் அதன் கீழே எழுதுங்கள். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு அதுதான் முதல் துணை.

மூன்றாவது, ஒரு தாள். என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் விற்பனைப் பெயர் மட்டும் போதாது. நம் ஊர்க் கடையில் கேட்கும் பெயர் அங்குள்ள மருத்துவருக்குத் தெரியாது. அட்டையில் சிறு எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் எழுதுங்கள். பேச முடியாத நிலை வந்தால் நமக்காக முடிவு சொல்பவர் யார் என்பதையும் அதே தாளில் குறியுங்கள்.

நான்காவது, மொழி. வலியைத் தாய்மொழியில்தான் சரியாகச் சொல்ல முடியும். குத்துகிறதா, குடைகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா என்பதில் நோயே அடங்கியிருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்கலாம். பெரும்பாலும் தொலைபேசி வழியே பேசுவார். "தமிழ்" என்ற ஒரு சொல் போதும். பேரனை வைத்துச் சொல்ல வெட்கப்படும் காரியத்தை அவரிடம் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு, நேயர்களே. மருத்துவமனையில் சேர்க்கும்போது பல இடங்களில் சமயம் எது என்று கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று தயங்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அங்குள்ள ஆன்ம குருவுக்குத் தெரியும். நோயாளியின் விவரங்களை வெளியில் சொல்லக்கூடாது என்ற விதி அங்கே கண்டிப்பானது. குரு வந்தால் சாவு வந்துவிட்டது என்று நம் பெரியவர்கள் இன்னும் அஞ்சுகிறார்கள். அவஸ்தைப் பூசுதல் என்று அன்று அழைத்ததால் வந்த அச்சம் அது. சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரிய அருளடையாளம் அன்று இது என்று 1963-ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியது. அறுவை சிகிச்சைக்கு முன்பும், கடும் நோயின் தொடக்கத்திலும் நோயில்பூசுதலைப் பெறலாம்.

கடைசியாக ஓர் அச்சம், வெளியே சொல்லப்படாத அச்சம்: "இங்கேயே கண்ணை மூடிவிட்டால்?" நம் முத்துக்குளித்துறைக்கு விசுவாசத்தைப் போதித்த புனித சவேரியாரை நினைப்போம். 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், சீனக் கரையோரம் சான்சியன் தீவில், 46 வயதில், காய்ச்சலில் இறந்தார். பிறந்த ஊரும் தொலைவு, பணி செய்த ஊரும் தொலைவு. இறுதிவரை அருகில் இருந்தவர் அந்தோனியோ என்ற சீன இளைஞர். ஆயிரமாயிரம் பேருக்குத் தம் கையால் திருமுழுக்கு அளித்தவர், கடைசியில் ஓர் இளைஞனின் பணிவிடையை ஏற்றுக்கொண்டார். அந்நிய மண் அவரை இறைவனிடமிருந்து பிரிக்கவில்லை.

ஆகவே இந்த வாரம் நாம் இரண்டு காரியங்கள் செய்வோம். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர்களே, வலித்தால் அன்றே சொல்லுங்கள். அதுவும் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யும் அன்புதான். பிள்ளைகளே, "செலவைப் பற்றி நினைக்காதீங்கம்மா, வலிச்சா உடனே சொல்லுங்க" என்று அவர்கள் நலமாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். நோய் வந்தபின் சொல்லும்போது அவர்கள் நம்பமாட்டார்கள். இங்கே ஊரில் இருக்கும் நாம், பக்கத்து வீட்டிலிருந்து போன அந்த அண்ணனையும் அக்காவையும் தொலைபேசியில் அழைப்போம். "சாப்பிட்டீங்களா?" என்று நம் மொழியில் ஒருவர் கேட்பது, கண்ணாடிச் சன்னல் வழியே பனியைப் பார்த்துப் படுத்திருக்கும் நோயாளிக்கு எவ்வளவு தெம்பு!

செபிப்போம். பிறருடைய நாட்டில் நோயுற்றுக் கிடக்கும் எம் பெற்றோரைக் கண்ணோக்கும் ஆண்டவரே, தம் வலியை வாய்விட்டுச் சொல்லும் துணிவை அவர்களுக்கும், அதைப் பொறுமையோடு கேட்கும் காதுகளை எங்களுக்கும் தந்தருளும். அவர்களைத் தொட்டுப் பணிவிடை செய்யும் முகமறியாக் கைகளை ஆசீர்வதியும். ஆமென்.