மூட்டு வலிக்குச் சத்து மாத்திரை போதுமா?



சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் நிரை பிடித்துப் பால்மரம் வெட்டிய நம் தாய்மார்கள் எத்தனையோ பேர்! அடிமரத்துக்குக் குனிந்து, பால் வாளி சுமந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கிய கால்கள் அவை. இன்று பட்டணத்துத் தாமானில் குடியேறிவிட்டாலும் முழங்கால் வலி கூடவே வந்துவிட்டது. மாதவிலக்கு நின்ற வயதில் பெண்களுக்கு மூட்டுத் தேய்மானம் அதிகம். உடல் எடையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வலி வந்ததும் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று நூறு, இருநூறு வெள்ளி கொடுத்துக் குளுக்கோசமைன் டப்பா வாங்குகிறோம். "எனக்கு நன்றாகக் கேட்டது" என்று அந்த அக்கா சொன்னது பொய்யல்ல. ஆனால் உண்மையில் கேட்டது மாத்திரைதானா?

அமெரிக்காவில் 1,583 முழங்கால் நோயாளிகளிடம் 24 வாரம் நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 60 பேருக்கு வலி குறைந்தது. குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் 64 பேருக்குக் குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை, பார்த்தீர்களா? 2019-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவக் கழகமும் முழங்கால் தேய்மானத்துக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. வேண்டாம் என்றே சொன்னது.

இந்த மாத்திரை பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுவது. அவை ஒவ்வாதவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இதைவிட ஆபத்தானது, இரவுச் சந்தையில் விற்கும் பெயர் தெரியாத ஜாமு. ஒரே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. முகம் வீங்கும், இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் ஏறும். பல மாதம் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தாமல், உடனே மருத்துவரிடம் டப்பாவோடு போங்கள். எதை வாங்கினாலும் 'எம்.ஏ.எல்.' பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த எண் இருப்பதாலேயே வலி தீரும் என்று பொருளல்ல.

அப்படியானால் எது கேட்கும்? தொடைத் தசைக்குப் பலம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, தினமும் செய்யுங்கள். எடையில் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறையும். தேநீரில் சீனியைக் குறைப்பதிலிருந்து தொடங்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு மருத்துவரைப் பார்த்து, பிசியோதெரபிக்குக் கடிதம் கேளுங்கள். மூட்டு சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காதீர்கள்.

ஊருக்காக உழைத்த கால்கள், அம்மா. டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தைக் கையில் வையுங்கள். நாளைக் காலை பத்து நிமிடம் அந்தக் கால்களுக்குக் கொடுங்கள்.