களிமண் இல்லாத சிற்பம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிற்பம் என்றவுடன் உளியும் கல்லும் நம் நினைவுக்கு வரும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சிற்பத்துக்கு உளியும் இல்லை, கல்லும் இல்லை. கணினித் திரைக்குள்ளே ஓர் உருண்டையை வைத்து, அதனை இழுத்தும் அமுக்கியும் உருவமாக்கி, பின்னர் அவ்வுருவத்தின்மீது ஒளி விழச்செய்து படமாக்கும் கலை அது. முன்னதை மொடலிங் என்றும் பின்னதை ரெண்டரிங் என்றும் வழங்குவர். சங்கத்து இளைஞர் மூவர் ஒரே கணினியின் முன்னிருந்து இதனைப் பயின்று வருகிறோம். கற்றுத் தேர்ந்தவர்களாக அல்ல, கற்கத் தொடங்கியவர்களாகவே இங்கு பேசுகிறோம். முன்னே போனவர் இடறிய கல்லைப் பின்னே வருபவருக்குக் காட்டுவது கடமையல்லவா?

இது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. நாங்கள் பயிலும் மென்பொருளின் பெயர் பிளெண்டர். நெதர்லாந்து தேசத்து டொன் ரூசென்டால் என்பவர் தொடக்கி வைத்தது. அதனை நடத்திய கம்பனி 2002ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது, அதனை மீட்பதற்கு 100,000 யூரோ வேண்டியிருந்தது. பல நாட்டு அன்பர்களும் ஏழு வாரங்களில் அத்தொகையைத் திரட்டிக் கொடுத்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் முதல் எவரும் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தக்கூடிய மென்பொருளாக அது விளங்குகின்றது. 2025ஆம் ஆண்டில் ஒஸ்கார் பரிசு பெற்ற ‘ஃபுளோ’ என்னும் லத்வியா நாட்டு இயங்குபடம் இதே பிளெண்டரில் ஆக்கப்பட்டதே. ஊர் கூடித் தேர் இழுத்த கதை இது. வடத்தைப் பிடிக்க நமக்கும் இடமுண்டு.

இனி, தொழிலைச் சிறிது பார்ப்போம். கணினியிலுள்ள உருவத்துக்கு உள்ளீடு கிடையாது. மேற்பரப்பு மாத்திரமே உண்டு. அம்மேற்பரப்பு சின்னஞ்சிறு முகங்களால் ஆனது. ஒரு கனசதுரத்துக்கு 6 முகங்கள். ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்தால் 24. மறுபடி பிரித்தால் 96. இங்ஙனம் எட்டுமுறை பிரித்தால் 393,216 முகங்களாகிவிடும். பிரிக்கும்போதே உருவத்தை வழுவழுப்பாக்கும் முறையொன்றை எட்வின் கற்மல், ஜேம்ஸ் கிளார்க் என்னும் இருவர் 1978ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முகங்கள் குறைவாக இருக்கும்போது தலையையும் வயிற்றையும் வேண்டியவாறு நகர்த்தலாம். அவை பெருகியபின் நகர்த்தினால், ஈரச் சீலையை இழுத்ததுபோல் எங்கும் சுருக்கம் விழும். ஆதலால் பெரிய வடிவம் முதலில், சிறிய வடிவம் அடுத்து, அணிகலன் கடைசியில் என்பதே இக்கலையின் முதல் விதி.

அந்த விதியை நாங்கள் மதிக்கவில்லை. சங்கத்து ஆண்டு விழா அழைப்பிதழில் அச்சிடுவதற்குப் பிள்ளையார் உருவமொன்று செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். முதல் நாளிரவே முகங்களை இலட்சக்கணக்காகப் பிரித்துவிட்டு, மகுடத்திலே மணி மணியாகச் செதுக்கத் தொடங்கினோம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது இரண்டாம் வாரத்திலேதான் கண்ணிற்பட்டது. நிமிர்த்தினோம், கழுத்தெல்லாம் சுருங்கிற்று. என்ன செய்தோம் தெரியுமா? பொன்னிறம் பூசினோம். நான்கு புறமும் விளக்குகளை வைத்தோம். சுருக்கமெல்லாம் மினுக்கத்தில் மறைந்தது. பார்த்தவர்கள் “அபாரம்” என்றார்கள். நாங்களும் நம்பிவிட்டோம்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு நான்கு நாள் இருந்தது. கோயில் வாகனங்கள் செய்யும் முதிய ஆசாரியார் ஒருவரிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் மாட்டி, நெடுநேரம் பார்த்தார். பின்னர், “தம்பியவை, விளக்கை நூர்த்தால் பிள்ளையார் இருப்பாரோ?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

வீடு திரும்பிப் பொன்னிறத்தை நீக்கினோம். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தோம். உருவம் முழுவதையும் கருநிழலாக்கிப் பார்த்தோம். திரையில் இருந்தது ஒரு சாக்குமூடை. பிள்ளையார் அங்கே இல்லை.

எங்களுக்குள் வாதம் மூண்டது. “அழைப்பிதழில் இவ்வளவு சிறிதாக வரும் படத்தை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்?” என்றார் ஒருவர். அதுவும் நியாயம்போலவே தோன்றிற்று. மூன்று வாரத்து நித்திரையைக் கொடுத்துச் செய்த வேலை அல்லவா? ஆயினும், கும்பிடும் உருவத்திலே கண்கட்டு வித்தை செய்ய மனம் ஒப்பவில்லை. அழித்துவிட்டோம். அழைப்பிதழ் எங்கள் படமின்றியே அச்சேறியது. வாக்குத் தவறியதற்காகச் செயலாளர் எங்களைக் கண்டித்தார். அது நியாயமான கண்டனமே.

மறுநாள் ஆசாரியாரிடம் மீண்டும் போனோம். அப்போதுதான் அவர் தாலமானக் கணக்கைச் சொல்லித் தந்தார். முகத்தின் நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். விநாயகருக்குப் பஞ்சதாலம், அதாவது ஐந்து முக அளவு. இந்த அங்குலம் கடையில் விற்கும் அடிமட்டத்து அங்குலம் அன்று. உருவத்தோடு பெருகியும் சிறுத்தும் வருவது. ஆகவே கல்லுக்குப் பொருந்தும் அக்கணக்கு கணினிக்கும் பொருந்துகின்றது.

ஒளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தில் மொத்தம் 2,073,600 புள்ளிகள். புள்ளிக்கு 128 கதிர் வீதம் விட்டால் 26 கோடிக்கும் மேற்பட்ட கதிர்கள். ஒவ்வொன்றும் பார்க்கும் கண்ணிடமிருந்து புறப்பட்டு, பொருளிலே பட்டுத் தெறித்து, விளக்கைத் தேடிச் செல்லும். இந்தக் கணக்கின் அடிப்படைச் சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986ஆம் ஆண்டில் எழுதினார். படத்திலுள்ள புள்ளிப்புள்ளியான கரகரப்பைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கதிர் வேண்டும். பழைய கணினியில் இரவு முழுவதும் ஓடும். இத்தனை உழைப்பும் குறையை மூடுவதற்கா? பக்கத்திலிருந்து ஒரே விளக்கை வைத்துப் பாருங்கள். மேடும் பள்ளமும் உள்ளபடி தெரியும். கருவறையிலே தூண்டாமணி விளக்கொன்றின் வெளிச்சத்தில் நிற்பதற்காகவே நம் சிற்பிகள் உருவங்களைச் செய்தார்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கையருக்குச் சொல்வது இவ்வளவே. எடுத்த எடுப்பில் தெய்வ உருவத்துக்குப் போகவேண்டாம். 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்திலே மார்ட்டின் நியூவெல் என்பவர் தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியை வரைந்து கணினியில் ஏற்றினார். அந்தக் கெண்டி இன்றும் இத்துறையினர் அனைவருக்கும் தெரிந்த பொருள். உங்கள் வீட்டுச் செம்பையும் குத்துவிளக்கையும் செய்யுங்கள். நிறம் பூசுமுன் நிழலைப் பாருங்கள்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். இது பிள்ளைகளின் விளையாட்டென்று ஒதுங்கிவிடாதீர்கள். கணினியை இயக்க எங்களுக்குத் தெரியும். உருவத்தைப் பார்க்க உங்களுக்குத் தெரியும். ஒருநாள் வந்து எங்கள் அருகிலிருந்து பார்த்துக் குறை சொல்லுங்கள்.

எங்கள் இரண்டாவது பிள்ளையார் இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறார். மகுடத்தில் மணி ஒன்றும் இல்லை. சென்ற கிழமை ஆசாரியார் வந்து பார்த்து, “இப்ப கழுத்து இருக்குது” என்றார். தும்பிக்கையைத் தொடங்கியிருக்கிறோம்.