பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு?

(ஜமாஅத் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



 

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் இல்லங்களில் ஒரே நாளில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த பிரிவிலேயே நம் பிள்ளையும் சேர்கிறான். திருமணத்திற்கும் மாப்பிள்ளையின் பனியன் கம்பெனிக்கும் பல மாதம் விசாரிக்கும் நாம், இதற்கு அரை நாள் கூடச் செலவிடுவதில்லை.

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்த பிரிவில் மருத்துவம், பொறியியல் ஆகிய இரு வாயில்களும் திறந்திருக்கும், சுமையும் அதிகம். உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் படிப்பவருக்குப் பொறியியல் உண்டு. மருத்துவத்தையும் செவிலியர் பட்டப் படிப்பையும் எண்ணிச் சேரும் பிரிவு அதுவன்று. தாவரவியல், விலங்கியல் கொண்ட தூய அறிவியல் பிரிவில் கணிதம் இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலோ தரவரிசைக்குரிய 200 மதிப்பெண்ணில் 100 கணிதத்திற்கே உரியது. எனவே, கணக்கு வராது என்ற அச்சத்தால் மட்டும் அதைக் கைவிடுமுன் பிள்ளையின் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மருத்துவம் விரும்புவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். 2017 முதல் நம் மாநிலத்தில் நீட் தேர்வின் வழியாகவே சேர்க்கை நடைபெறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்றோர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு 2007-இல் வந்தது. இவ்விரண்டையும் அறியாமல், பணமில்லை என்று பிள்ளையை நிறுத்தியோர் நம்மிடையே உண்டு.

வேதியியலைக் கடினமென ஒதுக்குவோருக்கு நம் ஊரையே காட்டுகிறேன். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பும் சோடாவும் சேர்க்கிறோம். துணியில் பிடிக்காத சாயமும் அந்த உப்பும் நொய்யலைக் கெடுத்தன. 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் வேலையிழந்து தவித்தன என்பதை இங்குள்ள பெரியவர்கள் அறிவர். பட்டறைகள் மீண்டும் இயங்குவது கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்துவதால்தான். அது முழுக்க வேதியியல். சாயப்பட்டறையில் கூலி வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர். அங்கே ஆய்வகத்தில் அமர்பவர் சிலரே. அந்த இடைவெளி பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

சனிக்கிழமை தோறும் கைக்கு வரும் வாரச் சம்பளம் பெரிய ஈர்ப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. கடன் உள்ள வீட்டில் அதை மறுப்பது எளிதன்று.

முதல் தேர்வு பிழையானால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. டாக்டர் அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்த பின்னரே பொறியியலே தமது துறை என்று உணர்ந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் சேரும் கட்டணத்திற்காக அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ஆனால் எல்லா வீட்டிலும் அடகு வைக்க வளையல் இருக்காது. ஆதலால் முதலிலேயே விசாரிப்பது நலம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். டியூஷனுக்கு அனுப்ப வேண்டுமே என்றெண்ணி, நல்ல மதிப்பெண் பெற்ற மகளை அவள் விரும்பாத பிரிவில் சேர்க்காதீர்கள். கையொப்பமிடுமுன் அவளிடம் கேளுங்கள்.

மதிப்பெண் பட்டியல் வந்ததும் பிள்ளைகளுடன் மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்திற்கு வாருங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் சிலர் இன்ஷா அல்லாஹ் அங்கிருப்போம்.

வஸ்ஸலாம்.