இரவல் கருவியும் சொந்தக் கருவியும்

நம் தோட்டத்துப் பிள்ளைகளும் கணினியில் கை வைத்துப் பழகும் காலம் இது. ஆகவே, கணினிக்குள்ளே நடந்த ஒரு விவகாரத்தைப் பெற்றோர்களாகிய நாமும் தெரிந்துகொள்வது நல்லது. அது இரவல் வாங்கிய ஒரு கருவியைப் பற்றியது.

கணினி தானாக எதையும் செய்வதில்லை. மனிதன்தான் கட்டளைகளை எழுதித் தரவேண்டும். அதற்கு நிரல் என்று பெயர். ஆனால் நாம் எழுதுவது கணினிக்கு அப்படியே புரிவதில்லை. அதற்குப் புரியும் குறிகளாக மாற்றித் தர ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அந்த வேலையைச் செய்யும் கருவிதான் கம்பைலர்.

இனி லினக்ஸுக்கு வருவோம். 1991-ஆம் ஆண்டில் ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது அது. அதனுடன் ஆயிரக்கணக்கான நிரல்களைச் சேர்த்து, ஒரே கட்டாக மக்களுக்கு வழங்கும் குழுக்கள் பல உண்டு. 1993-இல் தொடங்கப்பட்ட டெபியன் அவற்றுள் ஒன்று. யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையுள்ள நிரல்களே டெபியனின் அங்கமாக இருக்கும் என்று 1997-இல் அவர்கள் உறுதி எடுத்துக்கொண்டார்கள். அந்த உரிமை இல்லாதவற்றைத் தனி அறையில் வைப்பதுபோல் ஒதுக்கி வைத்தார்கள்.

ஏன் அப்படி? கோயில் அன்னதானத்துக்கு ஓர் அண்டாவை இரவல் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவர் வாடகை கேட்கவில்லை. ஆனால், "ஓட்டை விழுந்தால் நீங்கள் அடைக்கக்கூடாது, அடுத்த தோட்டத்துக்கும் தரக்கூடாது" என்கிறார். சோறு பொங்கலாம். ஆனால் அண்டா நம்முடையது ஆகுமா? இலவசம் வேறு, உரிமை வேறு.

ஜாவா மொழியின் கம்பைலர் அப்படிப்பட்ட அண்டாவாகத்தான் இருந்தது. சன் என்னும் அமெரிக்க நிறுவனம் அதை 1995-இல் வெளியிட்டது. விலை இல்லை. ஆயினும், லினக்ஸ் குழுக்கள் அதைத் தங்கள் கட்டில் சேர்த்து வழங்க உரிமம் இடம் தரவில்லை. வேண்டியவர் தாமே போய் எடுத்து வந்து பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 2006 மே மாதத்தில் சன் தனி உரிமம் ஒன்றைத் தந்தது. டெபியன் தன் ஒதுக்கறையில் அதற்கு இடம் கொடுத்தது. நிபந்தனைகளுக்குச் சம்மதம் சொன்ன பிறகே அதைப் பொருத்த முடிந்தது.

அதோடு நின்றிருந்தால் பின்னாளில் பெரும் துன்பமாகியிருக்கும். நல்ல காலமாக, 2007-இல் சன் நிறுவனமே ஜாவாவின் பெரும்பகுதியைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. இதற்கு ஓபன்ஜேடிகே என்று பெயர். சில பாகங்கள் பிறருக்குச் சொந்தமானவை. அவற்றைத் திறந்துவிட சன்னுக்கே உரிமையில்லை. அந்த இடைவெளிகளை ஐஸ்டீ என்ற கூட்டுமுயற்சியில் பலர் சேர்ந்து நிரப்பினார்கள்.

2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. 2011 ஆகஸ்டில் அந்தத் தனி உரிமம் நிறுத்தப்பட்டது. லினக்ஸ் குழுக்களின் கையில் இருந்த பழைய ஜாவாவிலோ பாதுகாப்பு ஓட்டைகள் இருந்தன; தீயவர்கள் அவற்றின் வழியே புகத் தொடங்கினார்கள். ஓட்டை அடைத்த புதிய பதிப்பை வழங்க அனுமதி இல்லை. ஆகவே உபுண்டு என்ற லினக்ஸை வழங்கும் கனோனிக்கல் நிறுவனம், அந்த ஆண்டு டிசம்பரில், பழைய ஜாவாவை விலக்கிவிடப் போவதாக அறிவித்தது. ஆனாலும் வேலை நின்றுபோகவில்லை. ஓபன்ஜேடிகே கையில் தயாராக இருந்தது.

"இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இரவல் வாங்குவது குற்றமில்லை. அவசரத்துக்கு வாங்கத்தான் வேண்டும். ஆனால் சொந்தமாக ஒன்றைச் செய்துகொள்ளும் முயற்சியைக் கைவிடக்கூடாது.

நம் பிள்ளை ஒரு கருவியை இலவசமாகக் கிடைத்தது என்று மகிழ்ச்சியோடு காட்டும்போது, நாம் மூன்று கேள்விகள் கேட்போம். இதை நாம் திருத்தலாமா? பிறருக்குக் கொடுக்கலாமா? கொடுத்தவர் நாளை திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? இக்கேள்விகளைக் கேட்கக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீடு நடத்தத் தெரிந்தவர்களுக்கே அந்த அறிவு உண்டு.