மூப்பா? முடக்கமா?



"அறுபது வயதானால் சர்க்கரை வரத்தான் செய்யும், அது வயசுக் கோளாறு" என்று எதிரணிச் சகோதரி அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். பழியை வயது மேல் போடுவதில் ஒரு வசதி இருக்குங்க. வயது எழுந்து நின்று பதில் பேசாது! (சிரிப்பு)

வயதானால் இன்சுலின் வற்றிப்போகும் என்றுதானே நினைக்கிறோம்? பல பெரியவர்களுக்கு வெறும் வயிற்றில் பார்த்தால் இன்சுலின் குறைவாக இல்லை. சிலருக்குக் கூடுதலாகவே இருக்கிறது! அப்புறம் ஏன் சர்க்கரை ஏறுது?

தாத்தாவுக்குக் காது மந்தம். பாட்டி என்ன செய்வார்? ஒருமுறை சொல்வதை நாலு முறை, சத்தமாகச் சொல்வார். "சர்க்கரையை உள்ளே எடுத்துக்கோ" என்று தசையிடம் சொல்வது இன்சுலின். தசைக்குக் காது கேட்கலை. கணையம் மேலும் மேலும் சுரந்து கத்துது. பாட்டிக்கும் ஒருநாள் தொண்டை கட்டுமா, இல்லையா? அன்றைக்குத்தாங்க சர்க்கரை நோய்! (கைதட்டல்)

வயதாக ஆகக் கணையம் தளரும். சாப்பிட்டவுடன் சட்டென்று சுரக்கும் வேகம் குறையும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தசையின் காதை அடைத்ததில் பெரும்பங்கு யாருக்கு? தொப்பைக்கும் நாற்காலிக்கும்! "அப்பா, நீங்க உட்காருங்க, கடைக்கு நான் போறேன்" என்கிறான் மகன். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையில் அப்பாவின் தசை கரைகிறது, ஐயா!

ஆதாரம் கேட்பீர்கள். அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வு. நோயின் வாசற்படியில் நின்ற 3,234 பேர். அதில் ஒரு பிரிவினருக்கு வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, எடையில் 7 விழுக்காடு குறைக்க இலக்கு. நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு? 71 விழுக்காடு! வயதுதான் குற்றவாளி என்றால், வயதானவர்களுக்கல்லவா பலன் குறைந்திருக்க வேண்டும்? (பலத்த கைதட்டல்)

ஒரு எச்சரிக்கை. நடக்கச் சொன்னேன் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தால், அந்த வயதில் எலும்பும் முறியும். எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

நடுவர் அவர்களே! பிறந்த தேதியை யாராலும் திருத்த முடியாது. மாலையானால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்க முடியும். ஆகவே, முதன்மைக் காரணம் மூப்பல்ல, முடக்கமே என்று தீர்ப்பு வழங்குங்கள்.